விருந்தாளித் தட்டு

என் நாக்குக்குச் சர்க்கார் சம்பளம் கொடுத்த காலம் ஒன்று உண்டு. இதைச் சொன்னால் என் மனைவி இன்றைக்கும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். சிரிக்கட்டும், அவளுக்கு அந்த உரிமை உண்டு.

ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் நான் விருதுநகரில் குடியிருந்தேன். அங்கிருந்து சிவகாசி போகும் வழியில், கரிசல் காட்டுக்கு நடுவே, சர்க்கார் ஆதரவில் ஒரு விடுதி இருந்தது. பிள்ளை இல்லாத வயசாளிகள், பிள்ளைகள் இருந்தும் இல்லாத வயசாளிகள், பக்கவாதத்தில் விழுந்தவர்கள், பட்டாசு ஆபீஸில் கை கருகி இனி வேலைக்கு ஆகாது என்று ஆனவர்கள், எல்லோரும் அங்கே இருந்தார்கள். எங்கள் பக்கம் பட்டாசு செய்யும் இடத்தையும் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் அந்த வட்டாரத்திலேயே மிகவும் சொகுசான ஆபீஸ் என்னுடையதுதான். மேஜை, நாற்காலி, தலைக்கு மேலே ஒரு ஃபேன்.

சர்க்கார் சமைக்காது, சமைக்க ஆள் பிடிக்கும். விடுதிச் சாப்பாட்டை ஒரு காண்டிராக்டரிடம் விட்டிருந்தார்கள். சாம்பாரில் பருப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும், சோற்றில் கல் இருக்கக் கூடாது என்றெல்லாம் ஒப்பந்தத்தில் கறாராக எழுதியிருக்கும். அது அப்படி இருக்கிறதா என்று பார்க்க ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். அவர் சொல்லாமல் கொள்ளாமல் போய், விடுதிக்காரர்களோடு பந்தியில் உட்கார்ந்து ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்த மேற்பார்வையாளர் நான்தான். பங்குனியில் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது என் வார்த்தையைத்தான் கேட்பார்கள். நான் நன்றாக இருக்கிறது என்றால், அடுத்த பங்குனி வரை அத்தனை பேரும் அதே சாப்பாட்டைத்தான் சாப்பிட்டாக வேண்டும்.

சொல்லாமல் கொள்ளாமல் என்பதில்தான் வேடிக்கை. அந்தப் பக்கம் மரமா, மலையா, என்ன இருக்கிறது மறைக்க? விருதுநகர் பஸ் வருவது அரை மைலுக்கு முன்பே புழுதியில் தெரிந்துவிடும். விடுதி வாசலில் வெள்ளைச் சட்டையோடு இறங்குகிற ஆசாமி நான் ஒருவன்தான். டிரைவர் வேறு மரியாதைக்காக இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். என் திடீர் சோதனை அந்த லட்சணத்தில் நடக்கும்.

உள்ளே போனால் ஏழாயிரம்பண்ணைக்காரம்மா எதிர்கொள்வார். அவரும் விடுதியில் இருக்கிறவர்தான், ஊர்ப்பேரே அவர் பேராகிவிட்டது. ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். வெடி மருந்து பற்றியதில் இடது கையில் மூன்று விரல் போய்விட்டது. மிச்சக் கையாலேயே அந்த விடுதி முழுவதையும் ஆட்டி வைப்பார். "வாங்கய்யா, வெயில்ல வந்திருக்கீக, மொதல்ல தண்ணியக் குடிங்க" என்பார். கொஞ்ச நேரத்தில் ஈயம் பூசிய பித்தளைத் தட்டில் எனக்கு மட்டும் முதலில் சோறு வரும்; விருந்தாளி எழுந்த பிறகுதான் மற்றவர்களுக்குப் பந்தி. கல்லின் சுவடே இல்லாத சோறு. கடுகும் சின்ன வெங்காயமும் மினுமினுக்கும் சாம்பார். ஓரத்தில் நிலக்கடலைத் துவையல், அதற்குப் பக்கத்தில் பூண்டு ஊறுகாய். அந்தப் பூண்டு ஊறுகாய்க்காகவே நான் மாதம் தவறாமல் என் கடமையைச் செய்தேன் என்று சொன்னால் அதில் பாதிக்கு மேல் உண்மை.

சாப்பிட்ட பிறகு முறைப்படி எல்லோரையும் விசாரிப்பேன். "சாப்பாடு எப்படி இருக்கு? குறை ஏதும் உண்டா?"

"ஒரு கொறையுமில்லய்யா. நீங்க வயிறாரச் சாப்பிட்டீகளா?" என்று திருப்பி என்னையே விசாரிப்பார்கள். ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை. சாப்பாட்டைப் பழிப்பது அந்தப் பக்கத்து மனுஷர்களுக்கு வாயில் வராது.

ஒரே ஒரு கவலை, வண்டிக்காரர். மல்லி, வத்தல் மூட்டைகளை வண்டி கட்டி விருதுநகர் மண்டிக்குக் கொண்டுவந்து இறக்கிய மனுஷர். ஒரு காலத்தில் ஓர் ஆள் உயரத்துக்கு மூட்டை தூக்கியவராம். நான் பார்க்கப் பார்க்க இளைத்துக்கொண்டே வந்தார். நெஞ்செலும்பு தெரிந்தது. கன்னம் ஒட்டிப்போனது. சோறு இறங்கவில்லை என்றார்கள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வயசு என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டுப் போனார். நான் என் பங்குக்கு ஒரு டானிக் வாங்கிக் கொடுத்தேன். ஆனால் நான் சாப்பிடும்போது மட்டும் மனுஷர் எதிரில் வந்து குத்தவைத்து உட்கார்ந்துகொள்வார். "நீங்களும் சாப்பிடுங்க" என்றால், "நீங்க சாப்பிடுங்கய்யா, நான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்பார். ஊறுகாயைத் தொட்டு நான் சப்புக்கொட்டினால் அவர் முகம் மலரும். இந்த வருஷத்தைத் தாண்டுவாரா என்று பஸ்ஸில் திரும்பும்போதெல்லாம் எனக்குக் கவலையாக இருக்கும்.

காண்டிராக்டர் சந்தோஷமான மனுஷர். மண்டித் தெருப் பக்கம் சாப்பாட்டுக் கிளப் வைத்திருந்தார். விடுதிச் சமையலை ஒரு கையாளிடம் விட்டுவிட்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே கிடையாது. வருஷா வருஷம் நான் பாராட்டி எழுதினதில், தன் கைப்பக்குவம் இத்தனை நாள் தனக்கே தெரியாமல் போய்விட்டது என்று நினைக்கத் தொடங்கிவிட்டார். கிளப் போர்டில் 'சர்க்கார் பாராட்டிய சாம்பார்' என்று எழுதி மாட்டினார். எழுதினவனுக்குக் கை கூசவில்லை. படித்துவிட்டுப் போன எனக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நான் அத்தோடு நின்றிருக்கலாம். ஒருநாள் வீட்டில் சாப்பிடும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "விடுதி சாம்பார் இதைவிட ஒரு படி மேலே" என்று சொல்லிவிட்டேன். மனைவி சிரித்த முகத்தோடு இன்னொரு கரண்டி ஊற்றினாள். அதுதான் ஆபத்து. மறுமாதம் நான் கிளம்பும்போது பழைய சேலைகளை ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு அவளும் பஸ் ஏறினாள். "பாவம், அங்கன இருக்குறவுகளுக்குக் குடுத்துட்டு வருவோம்" என்றாள். சேலைக்காக யாரும் அவ்வளவு வேகமாகப் பஸ் ஏறி நான் பார்த்ததில்லை.

ஏழாயிரம்பண்ணைக்காரம்மாவுக்கு அவளைக் கண்டதும் தலைகால் புரியவில்லை. உட்கார வைத்து, விசிறிவிட்டு, பித்தளைத் தட்டை அவளுக்குப் போட்டார். எனக்கு அலுமினியத் தட்டு வந்தது. முதல் வாய் வைத்தேன். பல்லில் கல் கடித்தது. சோறு பாதி வெந்தும் பாதி வேகாமலும் இருந்தது. சாம்பாரைத் துழாவினேன், பருப்பு என்று ஒன்று அதில் எப்போதோ குளித்துவிட்டுப் போயிருக்கும் போலிருந்தது.

"இன்னைக்குச் சமையல் கெட்டுப்போச்சு" என்று மனைவியிடம் முணுமுணுத்தேன்.

"கெட்டுப்போச்சா? எம்புட்டு ருசியா இருக்கு! நீங்க சொன்னது நெசந்தான், என் சாம்பாரு இதுக்குக் கிட்டக்கூட வராது" என்றாள் அவள். குரலில் தோற்றுப்போன வருத்தம்கூட இருந்தது.

அவள் தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அதே பழைய ருசி. ஏழாயிரம்பண்ணைக்காரம்மாவைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"என்னத்தைச் சொல்ல? ஒரு தட்டுக்குத்தான் சாமான் இருந்துச்சு. ஒங்க வீட்டு அம்மா மொதத் தடவையா வந்திருக்காக. நீங்க வந்து வந்து எங்க வீட்டு ஆளாயிட்டீக. வீட்டு ஆளுக்கு உள்ளதைப் போடலாம். வந்தவுகளுக்கு அதைப் போட முடியுமா?"

மெல்ல மெல்ல எல்லாம் வெளியே வந்தது. தூரத்தில் பஸ் புழுதி தெரிந்ததும் இரண்டு பெண்கள் ஒரு தட்டுச் சோற்றில் கல் பொறுக்க உட்கார்ந்துவிடுவார்களாம். இன்னொருத்தி கடலைத் துவையல் அரைப்பாளாம். இந்த அம்மா ஒரு கரண்டிச் சாம்பாரை எடுத்து, ஒளித்து வைத்த பருப்பையும் வெங்காயத்தையும் போட்டுக் கொதிக்கவிட்டுத் தாளிப்பாராம். வருகிற ஆளுக்கு மானம் மரியாதையோடு சோறு போட வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் எண்ணம். அந்த ஒரு தட்டைச் சாப்பிட்டுவிட்டு நான் அத்தனை தட்டுக்கும் சேர்த்துப் பாராட்டிக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பூண்டு ஊறுகாய்?" என்று கேட்டேன்.

அவர் மோவாயால் வண்டிக்காரரைக் காட்டினார். "இவரு மக சிவகாசியில தீப்பெட்டி ஆபீஸ்ல இருக்கா. மாசம் ஒருக்க கொண்டாந்து குடுப்பா. இந்தக் கல்லுச் சோத்தை முழுங்க முடியாம நீராகாரத்தைக் குடிச்சிட்டுப் படுத்துக்கிடுவாரே தவிர, அந்த ஊறுகாயில ஒரு பூண்டுப் பல்லை எடுத்து வாயில வைக்க மாட்டாரு. ஐயா வந்தா வேணும்பாரு."

வண்டிக்காரர் கூச்சத்தோடு சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் மனைவி தட்டை அப்படியே அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவர் தொடவே இல்லை. விருந்தாளி சாப்பிடும் வரை காத்திருந்தார்.

பங்குனி பக்கத்தில் வந்துவிட்டது. விடுதிச் சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். நேற்று வரை அமிர்தம் என்றவன் இன்றைக்குக் கழுநீர் என்றால் யார் நம்புவார்? மேலதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். காண்டிராக்டருக்கும் எனக்கும் ஏதோ மனஸ்தாபம் என்று முடிவு கட்டிவிட்டார். "நானே வந்து சாப்பிட்டுப் பார்க்கிறேன். நன்றாக இருந்தால் அவருக்கே கொடுத்துவிடுவோம்" என்றார். சாப்பாடு நன்றாகத்தான் இருக்கும். இந்த ஜனங்கள் விட மாட்டார்களே!

முந்தின நாள் ஓடினேன். "நாளைக்கு வர்றவருக்கு மட்டும் உள்ளபடியே போடுங்கம்மா" என்று கெஞ்சினேன்.

"அது எப்பிடி? அம்புட்டுத் தூரத்துல இருந்து நம்ம வாசல் தேடி வர்றவுகளுக்கு அதைப் போடச் சொல்றீகளா? இங்கன யாருக்கும் கை வராது."

"போடாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் நீங்கள் அதையேதான் சாப்பிடணும். வண்டிக்காரர் தாங்குவாரா?"

அவர் முகம் வாடிப்போனது. வண்டிக்காரர் படுத்திருந்த பக்கம் பார்த்தார். ஆனாலும் தலையை ஆட்டவில்லை. நான் ஓய்ந்துபோய்ச் செருப்பை மாட்டும்போது, "வரப்போற பெரியய்யாவுக்கு எந்த ஊரு?" என்று கேட்டார்.

மேலதிகாரி மெட்ராஸில் பிறந்து மெட்ராஸிலேயே வளர்ந்தவர் போலத்தான் பேசுவார். ஆனால் அவர் அண்ணன் வத்தல் கொண்டுவந்து மண்டியில் போடுவது எனக்குத் தெரியும். "மல்லாங்கிணறு" என்றேன்.

"மல்லாங்கிணறா? அப்ப நீங்க போங்க. நான் பாத்துக்கிடுறேன்" என்றார். முகம் தெளிந்திருந்தது.

மறுநாள் மேலதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். கைக்குட்டையால் பெஞ்சைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். ஏழாயிரம்பண்ணைக்காரம்மா நேரே போய் எதிரில் நின்றார்.

"நீங்க மல்லாங்கிணறாமே? எங்க சின்னம்மாவை அங்கனதான் குடுத்திருக்கு. அப்ப நீங்க எனக்குத் தம்பி மொறையில்ல! அதான் மொகத்தைப் பாத்ததும் நெனச்சேன். ஏ, எந்தம்பி வந்திருக்கு, தட்டை எடுத்தாங்க!"

தம்பி முன்னால் அலுமினியத் தட்டு வந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். முதல் வாயில் கல் கடித்த சத்தம் எனக்கே கேட்டது. இரண்டாவது வாய்க்கு முகம் கோணியது. தட்டை ஒதுக்கப் பார்த்தார்.

"மிச்சம் வைக்கக் கூடாது தம்பி. அக்கா போட்ட சோறு. சாப்பிடு" என்றார் அம்மா, பக்கத்திலேயே நின்றுகொண்டு. அக்கா என்று வந்தவரிடம் மல்லாங்கிணற்றுக்காரர் எதைப் பேசுவார்? கண்ணில் நீர் வர, கடைசிப் பருக்கை வரை தின்று முடித்தார். கை கழுவும்போது, "இதையா இவுக தெனமும் திங்காக?" என்று என்னிடம் கேட்டார். அவர் வாயில் ஊர்ப்பேச்சு வந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பிறகு அம்மாவைத் தனியாகப் பிடித்து, "உண்மையிலேயே உங்க சின்னம்மாவை மல்லாங்கிணற்றில் கொடுத்திருக்கா?" என்று கேட்டேன்.

"அம்புட்டுப் பெரிய ஊருல எனக்கு ஒரு சின்னம்மா இருக்க மாட்டாளா?" என்றார்.

ஒப்பந்தம் வேறு ஆளுக்குப் போனது. பழைய காண்டிராக்டருக்கு நஷ்டத்தைவிட, தன் சாம்பாரை இப்படிச் சொல்லிவிட்டார்களே என்றுதான் துக்கம். போர்டை மட்டும் கடைசி வரை கழற்றவில்லை.

புதுச் சமையல் தொடங்கிய பிறகு நான் மறுபடியும் போனேன். எல்லோருக்கும் ஒரே தட்டு, ஒரே சோறு. வண்டிக்காரர் பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்து, முதல் கவளத்தை உருட்டி வாயில் போட்டு, நிதானமாக மென்றார். நான் என் தட்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். விழுங்கினார். அடுத்த கவளம். அதற்கடுத்தது. பாதித் தட்டு காலியானது. முறைப்படி நான் கேட்டேன், "சாப்பாடு எப்படி இருக்கு? குறை ஏதும் உண்டா?"

அவர் விரலை நக்கிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார்.

"சாம்பாருல உப்புப் பத்தல" என்றார் உரக்க. "எழுதிக்கிடுங்க."

அந்த விடுதியில் நான் கேட்ட முதல் குறை அதுதான். பந்தியில் இருந்த எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பரிமாறுகிறவரிடம் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லி வண்டிக்காரர் தட்டை நீட்டினார். நான் பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டேன்.