வெளிச்சமில்லாத இருபது சத்தம்

யாரோடு பேசினாலும் அவள் அவர்களுடைய இடது காதைத்தான் பார்ப்பாள். பல வருஷப் பழக்கம்.

"மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டாளாம் மகாராணி. நாமெல்லாம் மனுஷங்களாத் தெரியல போல" என்று நாத்தனார் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். புருஷன் போன பிறகு நாத்தனார் வீட்டுப் பின்னறையில்தான் அவள் இருந்தாள். சம்பளம் வருகிற வரைக்கும்தான் அந்த அறை. இதை நாத்தனார் ஒளித்துப் பேசியதே இல்லை.

நேராகப் பார்த்தால் அவளுக்கு எந்த முகமும் தெரியாது. கண்ணும் மூக்கும் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. காதைப் பார்த்தால் ஓரத்தில் மூக்கு கொஞ்சம் தட்டுப்படும்.

இதை வெளியே சொன்னால் வேலை போய்விடும். அவள் வேலை பார்த்ததே ஒரு கண் ஆராய்ச்சிக்கூடத்தில். பெருக்குவாள், துடைப்பாள், சோதனைக்கு வருகிறவர்களை உட்காரவைப்பாள். சேர்ந்த புதிதில் அவள் கண்ணைச் சோதித்துவிட்டு, "குறையே இல்லாத கண்" என்று எழுதிக்கொண்டார்கள். அன்றிலிருந்து நோயாளிகளின் கண்ணோடு ஒப்பிட நல்ல கண் வேண்டுமென்றால் அவளைத்தான் உட்காரவைத்தார்கள். கறை வந்தது பிறகு. காகிதத்தில் அவள் கண் நல்ல கண்ணாகவே இருந்தது.

வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, நடுவிலுள்ள புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டும். அங்கங்கே பொட்டு வெளிச்சம் வரும். தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். ஓரத்தில் வந்ததை அவள் நிஜமாகவே பார்த்தாள். நடுவில் வந்தது தெரியாது. ஆனால் ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் கருவி 'டிக்' என்றது. அதைக் கேட்டு அழுத்தினாள். நாலு வருஷம் அப்படியே ஓடியது.

ஆராய்ச்சியை நடத்திய சின்ன டாக்டருக்கு ஒரு நாள் சந்தேகம் வந்தது. உத்தேசமாக அழுத்துகிறவர்களைப் பிடிக்க, இருபது இடத்தில் வெளிச்சமில்லாமல் சத்தம் மட்டும் வரும்படி மாற்றினார். அவள் இருபதுக்கும் அழுத்தினாள்.

"எழுந்திரிங்க. வராத வெளிச்சத்துக்கு எதுக்கு அழுத்துனீங்க?"

அவள் எழுந்து அவர் பக்கம் திரும்பினாள்.

"என்னைப் பாத்து பதில் சொல்லுங்க."

"பாத்துட்டுத்தான் இருக்கேன், டாக்டர்."

"காதைப் பாத்துட்டு..." சொல்லும்போதே அவருக்கு உறைத்துவிட்டது. பேனாவை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். அவள் தலையைத் திருப்பித்தான் பார்த்தாள்.

"நாலு வருஷ உழைப்பை நாசம் பண்ணிட்டீங்க. நாளையிலேருந்து வராதீங்க."

"நடுப்பார்வை போனவங்களை ஊரெல்லாம் தேடிக் கூட்டிட்டு வர்றீங்க. தெனமும் உங்களுக்குக் கதவு திறந்து விட்டவ கண்ணை ஒரு நாளாவது பாத்தீங்களா?"

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல."

"வாய்க்குக் கண்ணு வேணாமே."

மூன்றாம் நாள் நாத்தனார் ஒரு பழைய அலமாரியை இழுத்து வந்து பின்னறையில் போட்டாள். "இதுக்கும் இடம் வேணும்ல?" என்றாள். அவள் பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சின்ன டாக்டர் போன் செய்தார். ஓரப்பார்வையை மட்டும் வைத்து நாலு வருஷம் ஒரு கண்ணாடிச் சாமானைக்கூட உடைக்காமல் வேலை செய்த கண் அவருக்கு வேறெங்கும் கிடைக்காது.

"சோதனைக்கு உட்கார வாங்க. வர்ற நாளுக்கு மட்டும் பணம்."

"வேலையைத் திருப்பிக் கொடுத்தா வர்றேன். இல்லன்னா கண்ணை மூடிக்கிட்டு வீட்டுலயே உக்காந்துக்கிறேன்."

"மிரட்டுறீங்களா?"

"ஆமா."

அவர் போனை வைத்துவிட்டார். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வேறொருவர் கூப்பிட்டு, திங்கட்கிழமை வரச் சொன்னார்.

இப்போது அவள் அதே வேலையில் இருக்கிறாள். வாரத்தில் இரண்டு நாள் நோயாளிகள் வரிசையில் உட்காருகிறாள். சத்தம் கேட்காமலிருக்கக் காதில் பஞ்சு வைக்கிறார்கள். பின்னறை அவளிடம்தான் இருக்கிறது, அலமாரியோடு. சின்ன டாக்டர் அவளிடம் பேசும் வார்த்தைகள் இரண்டு: "உக்காருங்க", "முடிஞ்சுது". அவள் பஞ்சை எடுத்துவிட்டுப் பெருக்கப் போகிறாள்.