குலவைக்கு விட்ட இடம்

எண்பதுகளின் தொடக்கம். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் பந்தலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். அங்கே ஒரு பகல் கல்யாணத்தில் கச்சேரி செய்யக் குன்னூரிலிருந்து போயிருந்தேன்.

எங்கள் டிரம்ஸ்காரருக்குக் காய்ச்சல். எனக்குக் கவலையே இல்லை. கோவையில் வாங்கிய ரிதம் பாக்ஸ் இருந்தது. பொத்தானை அமுக்கினால் ஒரே தாளத்தைச் சோறு தண்ணீர் கேட்காமல் திரும்பத் திரும்ப அடிக்கும். நான் கீபோர்டு வாசித்தால் போதும்.

மூன்று பாட்டு முடிந்தது. தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கு முன்னிருந்த முற்றத்தில் ஒரு தலைகூட அசையவில்லை. வேகத்தைக் கூட்டினேன், சத்தத்தைக் கூட்டினேன். இரண்டு பெண்கள் எழுந்தே போய்விட்டார்கள். ரசனை கெட்ட கூட்டம் என்று மனதுக்குள் திட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

மாப்பிள்ளை மாலையோடு எழுந்து என்னிடம் வந்தார். என் வயதுதான் இருக்கும். இலங்கைத் தோட்டத்தில் தப்படித்தவராம்.

"கோவிச்சுக்காதீங்க மாஸ்டர். அங்க விடியக்காலைல பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் பதியத்தான், ஆள் கூப்பிடத் தப்படிப்பாங்க. மாறாம இப்புடித்தான் கேக்கும். இதக் கேட்டா எங்களுக்கு வேலைக்குப் போற நெனப்புதான் வருது."

எனக்கு முகம் சுண்டிப்போனது. கல்யாணத்துக்கு எப்படி அடிப்பீர்கள் என்று கேட்டேன்.

"சுத்து அதேதான். ஒரு சுத்துல பெரிய அடிய விட்டுருவோம். ஒரு சுத்துல ஓரத்த மட்டும் தட்டுவோம். நாலஞ்சு சுத்துக்கு ஒருக்கா கையவே எடுத்துருவோம். அந்த எடத்துல எங்கம்மா குலவை போடும்."

"அம்மா எங்கீங்க?"

"அங்கதான். இன்னும் பாஸ்போர்ட் வரல்ல."

தன் கல்யாணத்தில் தானே தப்படிக்க முடியாதே. "நாற்காலிக் கையில விரலால தட்டுங்க, நான் பாத்துக்கறேனுங்க" என்றேன்.

அவர் போய் உட்கார்ந்து தட்டத் தொடங்கினார். என் ஒரு கை கீபோர்டில், மறுகை பெட்டியில், கண் அவர் விரலில். அவர் பெரிய அடியை விட்டால் நானும் பெட்டியில் அந்த ஒலியை நிறுத்தினேன். ஓரத்தைத் தட்டினால் மெல்லிய ஒலியை மட்டும் விட்டேன். அதே தாளம்தான், ஆனால் சுற்றுக்குச் சுற்று வேறாகக் கேட்டது. முற்றத்தில் தலைகள் ஆடத் தொடங்கின.

அப்போது அவர் கையை முழுதாக எடுத்தார். நானும் எல்லாவற்றையும் நிறுத்தினேன். சத்தமே இல்லை. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். கெடுத்துவிட்டேன் என்று பயந்து என் விரல் பொத்தானுக்குப் போனது.

குழாயடியிலிருந்து ஒரு குலவை எழுந்தது. எழுந்து போன பெண்களில் ஒருவர், இடுப்பில் குடத்தோடு நின்றிருந்தார். அடுத்த நொடி முற்றம் முழுக்கக் குலவை. மாப்பிள்ளையின் கை நாற்காலியில் இறங்கியது. நானும் பொத்தானை அமுக்கினேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா பிறகு இலங்கையிலிருந்து வந்து சேர்ந்தாரா என்று தெரியாது. இப்போது கணினியில் எத்தனையோ தாளங்களை அடுக்கி வாசிக்கிறேன். ஆனாலும் நாலைந்து சுற்றுக்கு ஒரு முறை கையை எடுத்துவிடுகிறேன், வர முடியாமல் போன யாருக்காகவோ வேறு யாராவது குரல் கொடுக்கட்டும் என்று.