பதின்மூன்றாம் நாள் பந்தி

நீங்கள் வீடு வாங்கினீர்களே, பத்திரம் பதிவான அன்று அதை விற்றவர் உயிரோடு இருந்தாரா? சிரிக்காதீர்கள். இந்தக் கேள்வியை முதன்முதலாகக் கேட்டபோது சூடாமணியும் சிரித்தாள்.

மாம்பலம் தொலைபேசி நிலையத்தில் இருபத்தாறு வருஷம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மயிலாப்பூரில் ராகவேந்திரன் என்கிற ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியரின் வீட்டுப் பின்கட்டில் பத்தொன்பது வருஷம் குடியிருந்தாள். வீடு ஒழுக ஆரம்பித்ததும், ராகவேந்திரன் அதை இடித்து எட்டு ஃபிளாட்டுகளாகக் கட்டும் வேலையைச் சாய்நாத் என்ற புரமோட்டரிடம் ஒப்படைத்தார். தன் சார்பில் விற்றுக் கையெழுத்துப் போட அவனுக்குப் பவரும் எழுதிக் கொடுத்தார். முதல் மாடியில் தெற்குப் பார்த்த ஃபிளாட் சூடாமணிக்குத்தான் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அவளும் சேமிப்பு முழுவதையும் அதில் போட்டாள்.

தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் பார்த்துக் கொடுத்தது அவளுடைய அக்கா ஹம்சாவின் கணவர், அடையாறு வக்கீல் சுந்தரராமன். சாய்நாத்துக்கும் அவர்தான் வக்கீல். குடும்பத்துக்குள்ளேயே ஆள் இருப்பது எவ்வளவு சௌகரியம் என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

1993இல் கட்டடம் முடிந்து, ராகவேந்திரன் கீழே குடிவந்தார். சூடாமணி மேலே பால் காய்ச்சினாள். பதிவு மட்டும் பாக்கி. ஒரு திங்கட்கிழமை என்று முடிவாயிற்று. அன்றைக்கு அஷ்டமி, வியாழன் வைத்துக்கொள்ளலாம் என்று சுந்தரராமன் தள்ளிப்போட்டார். சட்டம் படித்த மனிதர். புதன்கிழமை காலை, கையில் பேப்பரோடு நாற்காலியிலேயே ராகவேந்திரன் இறந்துபோனார்.

பிறகு யாருக்கும் சட்டம் நினைவுக்கு வரவில்லை, தீட்டுதான் வந்தது. பதின்மூன்று நாள் கழியட்டும், அப்புறம் நல்ல காரியம் செய்யலாம் என்றார்கள். இறந்தவர் எந்த உலகத்தில் எந்தப் படியில் நிற்கிறார் என்பதற்கு அத்தனை பேரிடமும் விடை இருந்தது. அவர் எழுதிக் கொடுத்த பவர் இன்னும் நிற்கிறதா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

பதின்மூன்றாம் நாள், தீட்டு முடிந்து விருந்து போடும் சுபஸ்வீகாரம். மொட்டை மாடியில் பந்தல் போட்டு அறுபது இலைக்குச் சமைத்தார்கள். ஒரே பிள்ளை ஸ்ரீரங்கன், லண்டனில் எஞ்சினியர், புது வேட்டியோடு இலை இலையாக வந்து உபசரித்தான். சூடாமணிக்கு இந்தப் பக்கம் ஹம்சா, அந்தப் பக்கம் சுந்தரராமன். எதிர்வரிசையில் சாய்நாத். ஸ்ரீரங்கன் அவள் இலைக்கு எதிரே நின்று, சாய்நாத்தைப் பார்த்துச் சொன்னான்:

"அப்பா ஆசைப்பட்டபடி மாமிக்குச் சீக்கிரமா ரெஜிஸ்டர் பண்ணிக் குடுத்துடுங்கோ. நான் பத்து நாள்ல கெளம்பறேன்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கு நான்காம் நாள், சாய்நாத் இறந்தவரின் ஏஜெண்டாகக் கையெழுத்துப் போட, பத்திரம் பதிவாயிற்று.

மூன்று வருஷம் கழித்து ஸ்ரீரங்கன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினான். இதற்கிடையில் அவன் லண்டனுக்கு வெளியே ஒரு வீடு வாங்கியிருந்தான். அங்கே வாங்குபவருக்கு ஒரு வக்கீல், விற்பவருக்கு வேறொரு வக்கீல். விற்பவருக்கு உரிமை உண்டா, கையெழுத்துப் போடுபவருக்கு அதிகாரம் உண்டா என்று ஒவ்வொன்றையும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குகிறார்கள். நல்ல வழக்கம். அதைக் கற்றுக்கொண்டவன் அதை வைத்து என்ன செய்தான்? மயிலாப்பூரில் நிலத்தின் விலை ஏறிக் கிடந்த நேரத்தில் அப்பாவின் பத்திரங்களை எடுத்துத் தேதி பார்த்தான். பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் போயிற்று, ஆகையால் விற்பனை செல்லாது, காலி செய்யவும்.

சூடாமணி நோட்டீஸை எடுத்துக்கொண்டு அடையாறுக்கு ஓடினாள். சுந்தரராமன் படித்துவிட்டு மடித்து வைத்தார்.

"ஒரு வழி இருக்கு. அவர் போனது தெரியாம வாங்கினவாளைச் சட்டம் காப்பாத்தும். நீ அந்தப் பதின்மூணுக்குப் போகலே. ஊர்லயே இல்லே. அப்படிச் சொல்லிடு."

"நீங்க பக்கத்து இலைல உக்காந்துண்டிருந்தேளே, அத்திம்பேர். ஸ்ரீரங்கன் சொன்னதைக் கேட்டேளே. அதை வந்து சொல்லப்படாதா?"

"பாயசம் நன்னா இருந்துதுங்கறது மட்டுந்தான் ஞாபகம் இருக்கு."

அவள் நோட்டீஸைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"பவர் செல்லாதுன்னு அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம என்ன? வாரிசு சர்டிபிகேட் அது இதுன்னு அலைஞ்சா மாசக்கணக்கா இழுக்கும்னு சாய்நாத் பறந்தான். சொந்தப் பிள்ளையே சரின்னுட்டானே, யார் கேக்கப்போறான்னு நெனச்சேன்."

அந்தப் பிள்ளை அன்று இதே ஊரில் இருந்தான். அலைந்து அவன் கையால் எழுதி வாங்கியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அந்த அலைச்சலைத்தான் மிச்சம் பிடித்தார்கள். இப்போது பந்தியில் கேட்டதைக் கோர்ட்டில் சொன்னால், சாவு தெரிந்தே செத்த பவரில் பதிவு செய்ய வைத்தவர் என்று சுந்தரராமனின் கறுப்பு அங்கிக்கு ஆபத்து. மைத்துனியின் வீடா, தன் அங்கியா என்று வந்தபோது அவர் யோசிக்கக்கூட இல்லை. ஹம்சா காபியோடு வந்தாள். தனக்கு அப்போதே இடது காது மந்தம் என்றும், இவரை இதில் இழுக்காதே என்றும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். பனகல் பார்க் அலுவலகத்தில் சாய்நாத்தோ, "இன்னா மாமி, பத்திரம் கைல கீது, வீட்ல நீங்க கீறீங்க, அப்புறம் இன்னா பயம்?" என்று சிரித்து அனுப்பினான்.

கடைசியில் ராயப்பேட்டையில் அதீபா என்ற இளம் வக்கீலிடம் போனாள். அதீபா எல்லாவற்றையும் கேட்டாள். பொய் சொல்லச் சொல்லவில்லை. விற்கச் சொன்னவனே பின்னால் வந்து செல்லாது என்றால் கோர்ட் ஏற்காது, ஆனால் அவன் சொன்னதைக் காதால் கேட்ட சாட்சி ஒருவராவது வேண்டும் என்றாள். "நீங்க மட்டும் சொன்னா போதாதும்மா. வீடு உங்களோடது, அப்படித்தான் சொல்வீங்கன்னுவாங்க."

ஸ்ரீரங்கன் போட்ட வழக்கில் சென்ற மாதம் குறுக்கு விசாரணை. எதிர்த்தரப்பு வக்கீல், பதின்மூன்றாம் நாள் சாப்பாட்டுக்குப் போனீர்களா என்று கேட்டார். கூண்டுக்கு வெளியே ஸ்ரீரங்கன் கைகட்டி உட்கார்ந்திருந்தான். பின்வரிசையில் சுந்தரராமன் லேசாகத் தலையை ஆட்டினார், இல்லை என்று சொல்லச் சொல்லி.

"போனேன். பச்சடியிலேர்ந்து மோர் வரைக்கும் சாப்பிட்டேன். இவர்தான் உபசாரம் பண்ணினார்" என்றாள் சூடாமணி.

சாவு தெரிந்தே வாங்கினாள் என்று காட்டிய அந்த உண்மை அவளுடைய வீட்டில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. மீதிப் பாதியை ஸ்ரீரங்கனின் பதில் கொண்டுபோகப் பார்க்கிறது. தான் அப்படி எதுவும் சொல்லவே இல்லை என்று, அப்பாவின் பெயரால் சத்தியம் செய்து அவன் சொன்னான். ஐம்பத்து நான்கு வயதில், வேளச்சேரிப் பக்கம் குறைந்த வாடகைக்கு ஓர் அறை கிடைக்குமா என்று சூடாமணி விசாரிக்கத் தொடங்கியிருக்கிறாள்.

அறுபது இலை போட்ட பந்தி அது. நாலு வரிசை தாண்டியும் கேட்கும் குரல் ஸ்ரீரங்கனுடையது. அதீபா பதினேழு பேரை நேரில் போய்ப் பார்த்துவிட்டாள். ஒருவருக்கு மறதி, ஒருவருக்கு ரத்த அழுத்தம், ஒருவருக்கு ஸ்ரீரங்கன் வழியாக மகனை லண்டனுக்கு அனுப்பும் எண்ணம். மற்றவர்கள் இன்னும் மயிலாப்பூரிலும் நங்கநல்லூரிலும் இருக்கிறார்கள். அவர்களில் நீங்கள் ஒருவராக இருந்தால், அல்லது உங்கள் வீட்டில் அன்று போனவர் யாராவது இருந்தால், அடுத்த விசாரணை ஜூலை பதினான்காம் தேதி. காலை பத்தரைக்குள் சிட்டி சிவில் கோர்ட்டுக்கு வந்து, காதில் விழுந்ததை மட்டும் சொல்லுங்கள்.