சந்தின் கடைசி மதில்

எங்கள் சந்துக்கு ஒரே வாய்தான் இருந்தது. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே நுழைந்தால் இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுகள், கடைசியில் ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனி. வந்தவர்கள் வந்த வழியேதான் திரும்ப வேண்டும்.

கல்யாணமாகி மடத்துக்குளத்திலிருந்து நான் இங்கே வந்தபோது பல வீடுகளில் முன்னறையில் நிட்டிங் மெஷின் ஓடும், பின்னறையில் குடும்பம் இருக்கும். அதற்கும் முன்னால் பருத்திக் கிடங்குகளில் வேலை செய்தவர்கள் குடியிருந்த ஓட்டு வீடுகள் இவை என்று என் மாமனார் சொல்வார். பிறகு மெஷின்கள் ஊருக்கு வெளியே ஷெட்டுகளுக்குப் போயின. முன்னறைகளில் கட்டிலும் டிவியும் வந்தன. சுற்றியிருந்த வீதிகளெல்லாம் குடோனும் ஹாஸ்டலுமாக மாறிய பிறகும் எங்கள் சந்து குடியிருப்பாகவே இருந்தது. அதற்குக் காரணம் எங்கள் ஒற்றுமை என்று நாங்கள் பேசிக்கொள்வோம். உண்மையில் காரணம் அந்த மதில்தான். உள்ளே வரும் லாரி திரும்ப முடியாது. அதனால் எந்தக் கம்பெனிக்கும் இந்த இடம் பிடிக்கவில்லை.

லாரி வராத சந்து என்பதால் குழந்தைகள் நடுவழியில் விளையாடினார்கள். வீட்டு விசேஷம் என்றால் வழியிலேயே பந்தல் போட்டு, அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைத்தோம். காஜா பட்டன் அடிக்கும் பாய் வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி போசியில் வரும். காலிப் போசியைத் திருப்பித் தரக் கூடாது என்று நான் முறுக்கோ பழமோ போட்டு அனுப்புவேன்.

கடைசி வீட்டில் இருந்தவர்கள் அக்காவும் அவள் வீட்டுக்காரர் அண்ணனும். சொந்தமில்லை, கூப்பிட்டுப் பழகிய முறை. என் முதல் குழந்தைக்குத் தலைக்கு ஊற்றியது அக்கா. ஒரே பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் பக்கத்துப் பக்கத்தில் நின்று பல வருஷம் பிசிறு வெட்டினோம். என் கணவரிடம் சொல்லாததையும் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

மதில் நின்றது அவர்களுடைய இடத்தில். பின்னாலிருந்த கம்பெனி, லாரிகளுக்கு இன்னொரு வழி வேண்டுமென்று அதைக் கேட்டு வந்தது. அன்று எல்லோரும் அக்கா வீட்டு வாசலில் கூடினோம். அண்ணன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகப் பேசினார்.

"என்ர சீவன் இருக்கற வரைக்கும் அந்தச் செவுத்துல ஒரு கல்லு அசையாதுங்க. நீங்க நிம்மதியா போய்ப் படுங்க."

நாங்களும் நிம்மதியாகத்தான் இருந்தோம்.

அடுத்த வருஷம் முதலிபாளையம் பக்கம் அவர்கள் புது வீடு கட்டினார்கள். மூலனூரில் இருந்த பூர்வீகக் காட்டை விற்றுக் கட்டுவதாகச் சொன்னார்கள். கிரகப்பிரவேசத்துக்குச் சந்து முழுக்க அழைப்பு. அண்ணனே வேன் ஏற்பாடு செய்தார். பாய் அன்று மெஷினை நிறுத்திவிட்டுக் குடும்பத்தோடு வந்தார். எல்லோரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு பட்டுச் சேலையில் கிளம்பினோம்.

பால் காய்ச்சி, காலைச் சாப்பாடும் முடிந்தது. கிளம்பலாம் என்று எழுந்தேன். அக்கா விடவில்லை.

"ஏ அம்மிணி, மத்தியானச் சோறு உங்காம எப்படிப் போவ? வேனுக்காரனும் வெளிய போயிட்டான். இரு."

கையைப் பிடித்து அறை அறையாகக் கூட்டிப் போனாள். சமையலறை அலமாரியில் எந்தப் பாத்திரத்தை எங்கே வைப்பது என்று என்னைக் கேட்டாள். என் தலையில் பூ வைத்துவிட்டாள். அவள் கை வேர்த்திருந்தது. எங்களைப் பிரிகிற வருத்தம் என்று நினைத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எங்கள மறந்துறாதக்கா."

அக்கா வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போய்விட்டாள்.

சாயங்காலம் திரும்பியபோது வேனால் சந்துக்குள் நுழைய முடியவில்லை. உள்ளேயிருந்து ஒரு லாரி நேராக முன்பக்கம் பார்த்து வெளியே வந்துகொண்டிருந்தது. எங்கள் சந்திலிருந்து லாரி அப்படி வருவதை நான் பார்த்ததே இல்லை. இறங்கி ஓடினோம். மதில் இல்லை. அக்கா வீட்டில் பாதி இல்லை. மீதிப் பாதியின் பக்கத்தில் ஜேசிபி நின்றது. கம்பெனியின் பின்கட்டு எங்கள் வாசல்களிலிருந்தே தெரிந்தது.

பாய் அங்கேயே நின்று அண்ணனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டோம்.

"எங்க எடந்தானுங்க, கைமாத்தி உட்டுட்டோம். எல்லாம் முறைப்படிதானுங்க." அதோடு போன் அணைந்துவிட்டது.

ஆபீஸ்களுக்கு நடந்து பார்த்தோம். பட்டா இடம், ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். விடியும்போதே லாரிகள் ஓட ஆரம்பித்தன. பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டோம். எதிர்வீட்டு டீச்சர் முதலில் காலி செய்தார். அந்த வீடு துணி குடோன் ஆனது. அதற்கடுத்த வீட்டில் இப்போது வடக்கத்திப் பையன்கள் தங்கியிருக்கிறார்கள். நாங்களும் பாய் குடும்பமும் இன்னும் சிலரும் மட்டும் மிச்சம்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் அக்கா வந்தாள். உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். அவளிடம் எப்போதும் ஒருமையில்தான் பேசுவேன். அன்றைக்கு வாயில் அது வரவில்லை.

"அன்னைக்கு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

அந்த 'உங்களுக்கு' அவள் முகத்தில் அடித்ததைப் பார்த்தேன்.

"தெரியும் அம்மிணி."

"எப்ப இருந்துங்க?"

"புது வீட்டு மனையே கம்பெனிக்காரங்க குடுத்ததுதான். காடு வித்ததுன்னது பொய்யி."

"எங்கள எதுக்குங்க கூப்புட்டீங்க?"

அவள் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்க இருந்திருந்தா எல்லாரும் குறுக்க வந்து நின்னிருப்பீங்க. அவரு உங்கள அங்கயே புடிச்சு வெக்கச் சொன்னாரு."

பூ வைத்த கையை நினைத்துக்கொண்டேன். அவள் அழுதாள். வேறு எந்த நாளாக இருந்தாலும் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பேன். அன்று நிலைப்படியை விட்டு அசையவில்லை. அங்கே அக்கம்பக்கத்தில் பேச ஆளில்லை, ஒரு நாள் வந்து போ என்றாள். பார்க்கலாமுங்க என்றேன்.

போன மாதம் பேத்திக்குக் காதுகுத்து என்று போனில் கூப்பிட்டாள். உடம்பு சரியில்லை என்று சொன்னேன். அவள் அதை நம்பவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. "உடம்பப் பாத்துக்க" என்று மட்டும் சொன்னாள்.