மேல்பல்லும் இடக்கண்ணும்

முதலில் வீங்கியது உதட்டுக்கு மேலே, மூக்கை ஒட்டி. கொசு கடித்த மாதிரிதான் இருந்தது. இடப்பக்கக் கோரைப்பல் சில மாதங்களாகவே கூசிக்கொண்டிருந்ததால் குற்றவாளி யார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கிராம்பைக் கடித்துக்கொண்டு தையல் மிஷினில் உட்கார்ந்தேன்.

பாளையங்கோட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை (சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, மணியும் சரிகையும் கோப்பது) செய்வேன். கண் இருக்கும் வரைதான் இந்தத் தொழில்.

பல் மருத்துவர் எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். வேர் நுனியில் கறுப்பாக ஒரு வட்டம். "சீழ் கட்டியிருக்கு அக்கா. இந்தப் பல்லைக் காப்பாத்த முடியாது. மாத்திரை எழுதித் தாரேன், ஆனா பல்லை எடுத்தாத்தான் தீரும். இன்னைக்கே எடுத்திருவோமா?"

"வீட்டுல கேட்டுட்டு வாரேன்" என்றேன். வீடு என்றால் என் கணவர் அல்ல. அவர் எதற்கும் வாய் திறக்க மாட்டார். சாத்தான்குளத்தில் இருக்கும் என் அக்கா.

"மேல்பல்லைப் பிடுங்கினா கண்ணு போயிரும்ட்டி" என்றாள் போனில். "அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா? உனக்குக் கண்ணுதான சோறு போடுது. மாத்திரை திங்கியில்லா, அதுவே கேக்கும். பைய வத்திரும்."

மறக்கவில்லை. மேல்பல் எடுத்த அடுத்த வருஷமே அப்பாவுக்குப் பார்வை மங்கத் தொடங்கியது. கடைசியில் குரலை வைத்துத்தான் எங்களை அடையாளம் கண்டார். இந்தப் பேச்சு எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டில் சாட்சியும் இருந்தது. அதனால் ஆன்டிபயாடிக் (கிருமியைக் கொல்லும் மருந்து) மாத்திரைகளை வேளை தவறாமல் விழுங்கினேன். பல்லைத் தொடவிடவில்லை. அக்கா சொன்னபடி உப்பை வறுத்து ஒத்தடமும் கொடுத்தேன்.

வலி குறைந்தது. அதுதான் என்னை ஏமாற்றியது. வலி குறையக் குறைய முகம் வீங்கியது. கன்னத்துத் தோல் இழுத்து மினுமினுத்தது, மூக்கோரத்து மடிப்பு இருந்த இடமே தெரியவில்லை. மாத்திரை சாப்பிடுகிறேன், வற்றிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடைக்கு வந்த ஒரு பெண், "துப்பட்டாவைச் சுத்திக்கிட்டு உக்காருங்க அக்கா, பாக்க முடியல" என்றாள். "பாக்காத. அளவு ரவிக்கையைக் குடுத்துட்டுப் போ" என்றேன். முகம் வீங்கியதற்கு நான் ஏன் வெட்கப்பட வேண்டும்? இதே வீக்கத்தோடு இதை வாசிக்கிறவர்களுக்கும் சொல்கிறேன், மூடாதீர்கள். நாலு பேர் பார்த்தால் அதில் ஒருவராவது ஆஸ்பத்திரிக்குப் போ என்பார்.

ஒருநாள் காலையில் இடக்கண் திறக்கவில்லை. விரலால் இமையைப் பிரித்தேன், வெளிச்சம் தெரிந்தது. காய்ச்சல் குளிரில் உடம்பு நடுங்கியது. பல்லைப் பிடுங்காமலே கண் போகப் பார்க்கிறதே என்று நினைத்தபோது பயத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. கணவரை எழுப்பி, "வண்டியை எடுங்க" என்றேன். அக்காவிடம் கேட்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். செல்லுலைட்டிஸ் (தோலுக்கு அடியில் பரவும் கிருமித் தொற்று) என்றார் டாக்டரம்மா. கண்ணை மேலும் கீழும் உருட்டச் சொன்னார். ஸ்கேன் பார்த்துவிட்டு, தொற்று இன்னும் கண்குழிக்குள் இறங்கவில்லை, ஆனால் வாசலில் நிற்கிறது என்றார்.

"மாத்திரை ஒண்ணுகூட விடல டாக்டர்" என்றேன். என் குரலில் சண்டை இருந்தது.

"விட்டிருக்க மாட்டீங்க. மருந்து ரத்தத்தோட போவுது. சீழ் கட்டுன இடத்துக்குள்ள ரத்தம் சரியாப் போய்ச் சேராது. சீழை வெளியேத்தணும், பல்லை எடுக்கணும். மருந்து அதுக்குத் துணைதான்."

அப்பாவின் கதையைச் சொன்னேன்.

"அப்பாவுக்குச் சுகர் உண்டா?"

"உண்டு. கருப்பட்டிக் காப்பி ஒண்ணும் செய்யாதுன்னு குடிச்சிக்கிட்டே இருப்பாரு. நாங்களும் அப்படித்தான் நெனச்சோம்."

"கருப்பட்டியும் சுகரைக் கூட்டும்மா. சுகர் கூடுனா ஈறும் கெடும், விழித்திரையும் கெடும். பல்லு முதல்ல போச்சு, கண்ணு பின்னால போச்சு. பழி பல்லு மேல விழுந்துட்டு."

இத்தனை வருஷமும் நாங்கள் ஒரு பல்லைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். எனக்கு அழுகை வந்தது. வீங்கிய கண்ணுக்குள் கண்ணீர் எரிந்தது. "எடுங்க" என்றேன்.

வாய்க்குள் கீறிச் சீழை வடித்தார்கள், பல்லையும் எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டும் வலித்தது. வலிக்காது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அதன் பிறகு அதே வகை மருந்தைத்தான் நரம்பு வழியாக ஏற்றினார்கள். இந்தத் தடவை அது வேலை செய்தது. வீக்கம் வற்றி இடக்கண் திறந்தபோது, சவரம் செய்யாத முகத்தோடு கணவர் எதிரில் நின்றார். "கண்ணுக்கு வந்தது பல்லோட போச்சு" என்றார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் பேசிய நல்ல வசனம் அது ஒன்றுதான்.

அந்த இடத்தில் இன்னும் பல் கட்டவில்லை. நாக்கு அடிக்கடி அங்கே போய்த் தடவிவிட்டு வருகிறது. பல் போனால் சொல் போகும் என்பார்கள். எனக்குக் கூடித்தான் இருக்கிறது. போட்டோவில் வாயை மூடிச் சிரிக்கச் சொன்னால் திறந்து சிரிக்கிறேன். ஆனால் நாளைக்கு வற்றிவிடும் என்று என் உடம்பிடம் நான் இப்போது தவணை சொல்வதில்லை. உடம்பு ஏதாவது சொன்னால் அன்றைக்கே கேட்கிறேன்.

போன மாதம் அக்கா போனில், மேல்பல் ஒன்று ஆடுகிறது, வலி இல்லை, பார்த்துக்கொள்ளலாம் என்றாள். கடையைப் பூட்டிவிட்டுச் சாத்தான்குளம் பஸ் ஏறினேன். கையோடு கூட்டி வந்து, முதல் வேலையாகச் சுகர் பார்க்க வைத்தேன். கூடுதலாகத்தான் இருந்தது. அதற்கு மருந்து தொடங்கி, மருத்துவர் சரி என்ற பிறகு பல் பிடுங்கும் நாற்காலியில் உட்கார்ந்தவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, கண்ணு போயிராதே?"

வலக்கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, இடக்கண்ணால் அவளைப் பார்த்தேன்.

"உன் கம்மல்ல ஒரு கல்லைக் காணோமே அக்கா. எப்போ விழுந்துச்சு?"

அக்கா காதைத் தடவிப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.