பிடுங்கிய பீஸு

உடைந்த பீங்கான் காலில் குத்தினால் முதலில் வலிக்காது. சில்லென்று இருக்கும். இரண்டு எட்டு வைத்த பிறகு பாதம் ஈரமாகத் தெரியும், குனிந்து பார்த்தால் ரத்தம். விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிகளுக்குப் பின்பக்கம் எங்கள் தெரு. சூளையில் வெடித்தது, வளைந்தது, கை தவறி விழுந்தது எல்லாவற்றையும் வண்டியில் கொண்டுவந்து தெரு முனையில் கொட்டுவார்கள். மழைக்குச் சேறாகும் இடத்தில் அதையே அள்ளிப் போட்டு, மிதித்து, பாதையாக்கிக்கொண்டோம். அதற்கு "ஒடசல்" என்று பேர். உடைவதற்கு முன்னால் அதன் பேர் "பீஸு".

எங்களுக்குப் பல சாமானுக்கும் அது ஒன்றுதான் பேர். கம்பெனியில் செய்வது பீஸு. கறிக் குழம்பில் கிடப்பது பீஸு. ரவிக்கைத் துணி பீஸு. பள்ளிக்கூடத்தில் கட்டச் சொல்வது பீஸு. கரண்டு நின்றால் பீஸு போச்சு, ஆள் செத்தாலும் பீஸு போச்சு. கிறுக்குத்தனம் பண்ணுகிறவனைச் "சரியான பீஸு" என்பார்கள். ஆறாவதில் இங்கிலீஷ் டீச்சர் போர்டில் தனித்தனியாக எழுதிக் காட்டி, இது வேறு, அது வேறு, எழுத்தே வேறு என்றார். நான் எல்லாவற்றையும் பார்த்து எழுதிக்கொண்டேன். வாயால் சொல்லும்போது ஒன்றாகத்தான் வந்தது. எங்கள் வீட்டில் நடந்ததும் அந்த ஒரு வார்த்தையால்தான்.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம். எனக்குப் பதினொன்று. அப்பா இல்லை, நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். அம்மா பேர் அஞ்சலை. வீட்டில் மீட்டருக்குப் பக்கத்தில் மாட்டுகிற பீங்கான் பீஸு கேரியர் செய்யும் கம்பெனியில் அம்மாவுக்கு வேலை. அச்சிலிருந்து வரும், சூளையில் வேகாத பச்சைப் பீஸை எடுத்து, ஓரத்துப் பிசிறைச் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்துப் பலகையில் அடுக்க வேண்டும். எத்தனை பீஸோ அத்தனைக்குத்தான் கூலி. அண்ணன் வேலு அதே கம்பெனியில் அச்சு மிஷினில் நின்றான். பத்தொன்பது வயசு. கை வேகம். வாய் அதைவிட வேகம்.

கொளஞ்சி பச்சைப் பலகைகளைத் தோளில் தூக்கிப்போய்ச் சூளைக்குள் அடுக்குகிறவர். ரோட்டுக்கு அந்தப் பக்கத் தெரு. அம்மாவை யக்கா என்றுதான் கூப்பிடுவார். மூக்கு உடைந்த பீங்கான் கிளி ஒன்றை எனக்குக் கொடுத்தது அவர்தான். கெட்டவர் என்று அதுவரை அவரை யாரும் சொன்னதில்லை.

ஒரு சனிக்கிழமை அவர் கால் இடறிப் பலகையோடு விழுந்தார். அம்மாவும் இன்னும் மூன்று பெண்களும் காலையிலிருந்து துடைத்த பீஸு மொத்தமும் தூளானது. அது கூலிக் கணக்கில் சேராது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அம்மா அடுத்த பலகையை எடுத்தார். மற்ற மூன்று பேரும் அவரைத் திட்டினார்கள். கொளஞ்சி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கூட்டி அள்ளினார்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கம்பெனி ஆள் ஒருவர் வீட்டில் காதுகுத்து. இரண்டு தெருவும் வந்திருந்தது. பெண்களுக்கெல்லாம் வெற்றிலை பாக்கோடு ஆளுக்கொரு ரவிக்கை பீஸு கொடுத்தார்கள். அம்மாவுக்குக் கிளிப்பச்சை வந்தது. எனக்குத்தான் அதைத் தைத்துத் தருவதாகச் சொல்லி மடியில் வைத்துக்கொண்டார். அண்ணன் கறிக் குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறினான். ஆண்கள் பந்தியில் கொளஞ்சி கடைசியில் உட்கார்ந்திருந்தார். அங்கே வருவதற்குள் வாளியில் கறி குறைந்துவிட்டது. அண்ணன் குழம்பை மட்டும் ஊற்றினான்.

"என்னாடா வேலு, வெறும் தண்ணிய ஊத்தற. பீஸு எங்க?" என்று கொளஞ்சி கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

"போன வாரம் ஒரு பலகை பீஸு ஒடச்சியே, அத ஒட்டவச்சிக் குடு. நான் இத வைக்கறன்."

பந்தி மொத்தமும் சிரித்தது. கைகழுவப் போனவர்கள் நின்று சிரித்தார்கள். பெண்கள் பக்கம்தான் சிரிப்பு அதிகம், ஏனென்றால் உடைந்தது அவர்களுடைய உழைப்பு. அம்மாவும் சிரித்தார். நான் பார்த்தேன்.

கொளஞ்சி எழுந்தார். இலையைச் சோற்றோடு வாரி அண்ணன் மூஞ்சியில் அடித்தார். அண்ணன் கையில் இருந்த கரண்டியால் அவர் காதின் மேல் அடித்தான். காது பிய்ந்து சட்டை காலர் வரை சிவப்பானது. நாலைந்து பேர் பிரித்துவிட்டார்கள். கொளஞ்சி அண்ணனைப் பார்த்து மெதுவாகத்தான் சொன்னார்.

"ஒன்னைப் பீஸ் பீஸா ஆக்கறன்டா. ஒங்கம்மா வந்து பொறுக்கட்டும்."

அன்று சாயங்காலம், விளக்குப் போட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். அண்ணன் உள்ளே படுத்திருந்தான். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். தெருவில் ஒடசல் நொறுங்கும் சத்தம் கேட்டது. எங்கள் தெருவில் யார் வந்தாலும் அந்தச் சத்தம் வரும், எத்தனை பேர் என்பது கூடத் தெரியும். அன்று நாலு பேர்.

"வேலு, வெளிய வாடா" என்று கொளஞ்சியின் குரல்.

அம்மா ஓடிப்போய் வாசற்படியில் நின்றார். உள்ளே குண்டு பல்பு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் அண்ணன் எழுந்து நிற்பது வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும். வீடு ஒரே அறைதான். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் மீட்டர். நான் மண்ணெண்ணெய் டின் மேல் ஏறிப் பீஸைப் பிடுங்கிவிட்டேன். யாரும் சொல்லவில்லை. யோசித்துச் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. பீஸு போனால் இருட்டாகும், இருட்டானால் அண்ணன் தெரியமாட்டான், அவ்வளவுதான்.

அண்ணன் பின்பக்கம் ஓடிச் சுவர் ஏறிக் குதித்தான். அந்தப் பக்கம் ஒடசல் மேடு, வெறுங்கால். வாசலில் உருட்டிப் புரட்டும் சத்தம். யாரோ உள்ளே நுழையப் பார்த்தார்கள். அம்மா இரண்டு கையையும் விரித்து நிலையைப் பிடித்துக்கொண்டு மறித்திருக்க வேண்டும். விறகில் வெட்டு விழுகிற மாதிரி ஒரு சத்தம். அரிவாள் நிலைக்கட்டையில் இறங்கியது. அம்மா, "யம்மா" என்றார்.

"யக்கா? நீயா?" என்றார் கொளஞ்சி. அப்புறம் ஒடசலில் ஓடுகிற சத்தம்.

நான் பீஸைத் திரும்பச் சொருகினேன். வெளிச்சம் வந்தது.

அம்மா நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கையில் சுண்டு விரலும் அதற்கு அடுத்ததும் இல்லை. வாசற்படிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றும் கிடந்தன. கிளிப்பச்சைத் துணியை எடுத்துக் கையைச் சுற்றிக் கட்டினேன். கட்டக் கட்ட அது வேறு நிறமானது. விரல்களை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியில் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, இதை ஒட்டவைக்க முடியாதும்மா என்று சொன்னார்கள். விளக்கு எரிந்திருந்தால் அம்மா என்று தெரிந்து அவர் வெட்டியிருக்க மாட்டார் என்பது மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் இரண்டு தெருவுக்கும் சண்டை. கல்லைத் தேடி யாரும் போகவில்லை. ஒடசல்தான் காலடியிலேயே கிடக்கிறதே. கோணிப்பையில் அள்ளிக்கொண்டு ரோட்டில் நின்று எறிந்தார்கள். பீங்கான் சில்லு கல்லைப் போல் இல்லை, பட்ட இடத்தில் கிழித்துக்கொண்டே போகும். கொளஞ்சியின் அப்பாவுக்கு நெற்றி கிழிந்து எலும்பு தெரிந்தது. எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு உதடு இரண்டாகப் பிளந்தது. அண்ணன் இரண்டு காலிலும் துணி சுற்றிக்கொண்டு முன்னால் நின்று எறிந்தான். எங்கள் தெருக்காரர்கள் கொளஞ்சி வீட்டுக் கூரை ஓடுகளை எல்லாம் உடைத்தார்கள். போலீஸ் வந்த பிறகுதான் நின்றது. கொளஞ்சி அதற்கு முன்பே ஸ்டேஷனில் போய் உட்கார்ந்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

ஜெயிலை விட்டு வரட்டும், அவனுக்கு இரண்டு கையும் இருக்காது என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தான். சும்மா சொல்லவில்லை. சேத்தியாத்தோப்பு சந்தையிலிருந்து புது அரிவாள் ஒன்று வாங்கிவந்து கூரையில் சொருகி வைத்திருந்தான். நானும் அம்மாவும் அதன் கீழேதான் படுத்தோம்.

பத்து நாள் கழித்துத் தாலுகா ஆபீசில் "பீஸ் கமிட்டி" என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டு தெருவிலிருந்தும் பெரியவர்கள், கம்பெனி முதலாளிகள், அடிபட்டவர்கள் வர வேண்டும். அம்மா குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு, என்னையும் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பக்கம் கொளஞ்சியின் அப்பா தலையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். எல்லோரும் நீயா நானா என்று பேசி முடித்த பிறகு அதிகாரி அம்மாவைப் பார்த்து, உங்களுக்கு என்ன வேண்டும், சொல்லுங்கள் என்றார்.

அம்மா எழுந்து நின்றார். கட்டுப் போட்ட கையை இடது கையால் தாங்கிக்கொண்டார்.

"ஐயா, பீஸு கமிட்டின்னு சொன்னாங்க, அதான் வந்தன். எனக்கு ரெண்டு வெரலு போச்சுங்க. மிச்சத்த வச்சிக்கிட்டு பீஸு தொடைச்சிடுவேன். கொஞ்சம் லேட்டாவும். அதுக்காக வேலைய வுட்டு நிறுத்தக் கூடாதுன்னு மொதலாளிகிட்ட சொல்லுங்க."

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. பிறகு புரிந்தது. யாரோ ஒருவர் சிரித்தார், அப்படியே சிரிப்பு பரவியது. கொளஞ்சியின் அப்பா கூட வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். அதிகாரி சிரிக்காமல், அம்மா, இந்தப் பீஸு வேற, சமாதானம்னு அர்த்தம் என்று எடுத்துச் சொன்னார்.

"அத நீங்க பேசிக்குங்க. எனக்கு வேலைய சொல்லுங்க" என்றார் அம்மா. உட்காரப் போனவர் மறுபடி நின்றார். "அந்தக் கொளஞ்சிக்கும், வெளிய வந்ததும் வேலை குடுக்கணுங்க. சும்மா இருந்தா மறுபடியும் எம் புள்ளையத் தேடிக்கிட்டு வருவான். நாள் பூரா பலகை தூக்கட்டும்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. எங்கள் முதலாளி சரி என்று தலையாட்டினார். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அம்மா இடது கைக் கட்டைவிரலை வைத்தார்.

வெளியே வந்ததும் அண்ணன் கத்தினான். வெட்டினவனுக்கு வேலை கேட்கிறாயே, உனக்குச் சூடு சொரணை இருக்கிறதா என்றான்.

அம்மா நடந்துகொண்டே பேசினார். "போனது என் வெரலு. அதுக்கு நீ யாரு பதில் கேக்க? அவன் பீஸு கேட்டான், இல்லைன்னு சொல்லிட்டுப் போயிருந்தா ஆச்சு. நாலு பேரு நடுவுல மானத்த வாங்குன. நானும் சிரிச்சேன். பொறுக்கறதுக்கு நான் வருவன்னுதான் சொன்னான். எம் பொண்ணுதான்டா பொறுக்குனா. அந்த அருவாள எடுத்துட்டுப் போயி வித்துடு."

அண்ணன் விற்கவில்லை. மூன்று நாள் கழித்து அரிவாளை மணிமுத்தாற்று மணலில் புதைத்துவிட்டு, திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டான். கேஸு நடந்தது. யார் வெட்டியது என்று கோர்ட்டில் கேட்டபோது அம்மா, "இருட்டுங்க, ஒண்ணும் தெரியல" என்றார். அது பொய்யும் இல்லை. சாட்சி இல்லாமல் கொளஞ்சியை விட்டுவிட்டார்கள்.

நான் எட்டாவதோடு நின்றேன். அம்மா பீஸைத் துடைத்துக் கொடுப்பார், பிடித்து அடுக்குவதற்கு அந்த இரண்டு விரல் வேண்டும். அதற்கு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொளஞ்சி வந்து பலகையைத் தூக்கிப் போவார். யக்கா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். பலகையை இரண்டு கையாலும் பிடித்து, ஒவ்வொரு அடியாகப் பார்த்துப் பார்த்து வைப்பார்.

ஒரு சாயங்காலம் வீட்டில் கரண்டு நின்றது. எங்கள் வீட்டில் மட்டும்தான். பீஸு கட்டப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடட்டுமா என்றேன்.

"எதுக்கு? ஏறு. ஒனக்குத்தான் நல்லாத் தெரியுமே" என்றார் அம்மா.

டின் மேல் ஏறினேன். தகரம் டொக்கென்றது.

"அன்னைக்கே தெரியும். டின்னு சத்தம் கேட்டுச்சே."

வெளிச்சம் இருந்திருந்தால் உன்னை வெட்டியிருக்க மாட்டார் அல்லவா என்று கேட்டேன். இத்தனை நாள் வைத்திருந்த கேள்வி.

"மாட்டான். என்னைத் தள்ளிட்டு அவன வெட்டியிருப்பான்." டின்னைப் பிடித்துக்கொண்டு, "கம்பிய நல்லா முறுக்கிக் கட்டு. லூசா இருந்தா பொறி பறக்கும்" என்றார்.

கட்டிச் சொருகினேன். எரிந்தது. அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. அண்ணன் திருப்பூரில் பெண்டாட்டி பிள்ளைகளோடு முழுசாக இருக்கிறான், எந்த விசேஷத்திலும் வாளியைத் தொடமாட்டான். கொளஞ்சி ஆட்டோ ஓட்டுகிறார். பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தால் வண்டியை மெதுவாக்குவார். நான் ஏறுவதில்லை. தெருவுக்குத் தார் போட்டுவிட்டார்கள், யார் வருகிறார்கள், எத்தனை பேர் என்று இப்போது கேட்காது. என் மகனுக்குப் பீஸு என்றால் ஸ்கூல் பீஸு மட்டும்தான்.

போன மாதம் வீட்டுக்கு வயரை மாற்றினோம். எலக்ட்ரீஷியன் பழைய பீங்கான் கேரியரைக் கழற்றிக் கொடுத்தார். ஓரத்தில் பிசிறு இல்லாமல் வழவழவென்று இருந்தது. அந்த இடத்தில் கறுப்பாக ஒரு டிரிப் சுவிட்சு வைத்திருக்கிறார். ஏதாவது ஆனால் தானே விழுந்துவிடுமாம், யாரும் ஏற வேண்டாமாம். டின்னை நான் இன்னும் எடுக்கவில்லை. அது கதவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மேலே பிடுங்குவதற்குத்தான் ஒன்றும் இல்லை.