பிந்தி எழும்பிய வாடை

நோர்வேயில் மனிதர்கள் "யா" என்று ஆமோதிக்கும்போது மூச்சை வெளியே விடுவதில்லை, உள்ளே இழுக்கிறார்கள். துரொண்ட்ஹைமுக்கு வந்த முதல் மாதம், என் மேலாளர் ஊலா அப்படி இழுத்தபோதெல்லாம் மனிதருக்கு நெஞ்சில் ஏதோ குத்துகிறது என்று பயந்து, ஒருநாள் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன். அவர் நன்றி சொல்லிக் குடித்தார். ஏன் கொடுத்தேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிக்கலாம். இப்போது எனக்குக் காது பழகிவிட்டது. நம்மவர் "ஓம்" என்பதுபோலத்தான் அந்த இழுப்பும் கேட்கிறது.

என் வேலையும் கிட்டத்தட்ட இப்படிக் காது பழக்குவதுதான். கண்ணாடி நாருக்குள்ளால் ஒளியில் செய்தி அனுப்புகிறோம். அனுப்பும் முனையிலுள்ள லேசர், தன் குணத்துக்குச் செய்தியைக் கொஞ்சம் கோணலாக்கித்தான் அனுப்பும். அது எங்கோ மலைக்கு அப்பால் இருப்பதால் போய்த் திருத்த முடியாது. ஆகவே வாங்கும் முனையில் உட்கார்ந்துகொண்டு கோணலை நிமிர்த்துகிறோம். அதற்கு முதலில் இரண்டு முனைக்கும் தெரிந்த ஒரு வரிசையை அனுப்பச் சொல்லுவோம். வந்து சேர்ந்ததை அதனோடு ஒப்பிட்டால் அந்த லேசரின் கோணல் பிடிபடும். பிறகு எது வந்தாலும் கருவி அதே அளவுக்கு மறுபக்கம் வளைத்து நேராக்கிவிடும். ஒரு லேசருக்குப் பழக்கிய கருவியை இன்னொன்றுக்கு மாட்டினால் நல்ல செய்தியும் நாசமாகும். இதை மாணவர்களுக்கு வகுப்பெடுக்கிறவனும் நான்தான், வெட்கமில்லாமல்.

மாதத்தில் இரண்டொரு நாள் அகதி விண்ணப்பம் விசாரிக்கும் கந்தோரில் நான் "தொல்க்", அதாவது மொழிபெயர்ப்பாளர். அங்கேதான் மண்டைதீவு மரியதாஸ் அண்ணையைக் கண்டேன். ஐம்பது வயதுக் கடற்றொழிலாளி. வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு, விசாரணைக்காக பஸ் பிடித்து வந்திருந்தார். என் ஊர் நாரந்தனை என்றதும் அவர் முகம் தெளிந்தது. இரண்டு ஊரும் ஒரே வழியில்தான். யாழ்ப்பாணத்துக்குப் படிக்கப் போன காலம் முழுக்க, பஸ்ஸில் மண்டைதீவுச் சந்தியைத் தாண்டித்தான் போனேன். ஒருநாளும் இறங்கியதில்லை.

கடலில் அவர் தோளில் துப்பாக்கிச் சூடு பட்டது எப்போது என்று அதிகாரி கேட்டார். வாடை பிறந்து இரண்டாம் கிழமை என்றார் மரியதாஸ் அண்ணை. எனக்கு யோசிக்க ஒரு கணமும் தேவைப்படவில்லை. எங்கள் வீட்டில் வாடைக்காற்று கலண்டரில்தான் பிறக்கும். ஐப்பசி முதலாம் திகதி ஐயா தாளைக் கிழித்துவிட்டு இனி வாடை என்பார். வெளியே பனையோலை அசைகிறதோ இல்லையோ, அது வேறு விஷயம். எங்களுக்குக் காணியும் ஐயாவின் சம்பளமும் இருந்தன, காற்றுப் பிந்தினால் யாரும் பட்டினி கிடக்கவில்லை. ஆகவே "ஒக்டோபர் கடைசி" என்று மொழிபெயர்த்தேன். அதிகாரி மூச்சை இழுத்து எழுதிக்கொண்டார். ஒரு காற்றைத் திகதியாக்கிக் கொடுத்த கெட்டித்தனத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மூன்று மாதத்தில் நிராகரிப்புக் கடிதம் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு மரியதாஸ் அண்ணை என் அறைக்கே வந்துவிட்டார். விசாரணைக்குப் பிறகு அவர் அனுப்பிய ஆஸ்பத்திரித் துண்டில் டிசம்பர் முதல் வாரம் என்று இருக்கிறதாம். சூடு பட்ட ஒருவர் ஐந்து கிழமை வைத்தியரிடம் போகாமல் இருந்தார் என்பதை நம்ப முடியாதாம். ஆகவே காயத்தின் கதையே பொய், திருப்பி அனுப்பலாம். வரிவரியாக வாசித்துக் காட்டினேன். அவர் கோபிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, சூடு பட்ட அண்டைக்கே என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவை. அந்த வருசம் வாடை பிந்தித்தான் எழும்பினது. கார்த்திகை பிறந்த பிறகும் கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. கடலுக்குப் போற ஆருக்கும் தெரியும்."

"எனக்கு நீங்கள் சொல்லேல்லையே அண்ணை."

"நீர் கேக்கேல்லை. நாரந்தனைப் பொடியன்தானே, தெரியும் எண்டு நினைச்சனான்."

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் மேன்முறையீடு செய்தார். அந்த விசாரணைக்குப் போய்ப் பிழை என்னுடையது என்று நான் சொன்னால் மட்டுமே அவர் கதை நிற்கும். ஆனால் என்னுடைய நிரந்தர வதிவிட விண்ணப்பமும் அதே கந்தோரில்தான் கிடந்தது. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நாலு நாள் பேசாமலும் இருந்தேன், அதையும் எழுதத்தான் வேண்டும். ஐந்தாம் நாள் ஊலாவிடம் லீவு கேட்டு, வந்ததை நான் பிழையாக நிமிர்த்திவிட்டேன், அதனால் ஒருவருக்குப் பெரிய சேதம் என்றேன். அவர் ஆய்வுகூடக் கருவியைப் பற்றிச் சொல்லுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, முதலில் அதைப் பழக்கினாயா என்று கேட்டார். இல்லை என்றேன்.

மேன்முறையீட்டு விசாரணையில், எந்த மொழியில் சாட்சி சொல்லப்போகிறேன் என்று கேட்டார்கள். நோர்வே மொழி எனக்கு நன்றாக வரும். ஆனால் மரியதாஸ் அண்ணையின் காதில் நேராக விழவேண்டும் என்பதற்காகத் தமிழ் என்றேன். நான் வழக்கமாக இருக்கும் கதிரையில் புதிய மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தார். கொழும்பில் வளர்ந்தவர், நல்ல மனிதர்.

"அண்ணை காத்தைத்தான் சொன்னவர். திகதியை நான்தான் போட்டனான், அவரைக் கேக்காமல்."

மொழிபெயர்ப்பின்போது திகதி தொடர்பாகச் சிறு தவறு நேர்ந்திருக்கலாம் என்று அவர் அதை அழகான நோர்வே மொழியில் வைத்தார். எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்திருப்பார். முன்னே மேசையில் இருந்த விசாரணைத் தலைவி அதையே எழுதத் தொடங்கினார்.

நான் எழுந்துவிட்டேன். எழுதுகிறவர் எனக்கு முன்னால், மரியதாஸ் அண்ணை பின்னால். ஒருவருக்கு முகம் கொடுத்தால் மற்றவருக்கு முதுகு காட்டவேண்டும், சாட்சியின் இடம் அப்படி. தலைவியைப் பார்த்து நோர்வே மொழியில், நேர்ந்திருக்கலாம் என்று நான் சொல்லவில்லை, அந்த மனிதர் சொல்லாத திகதியை நானே சொன்னேன், பிழை முழுக்க என்னுடையது என்று பேசிக்கொண்டே போனேன். அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

"தம்பி," என்றார் மரியதாஸ் அண்ணை என் முதுகுக்குப் பின்னாலிருந்து, "இப்ப நீர் என்ன சொல்லுறீர்?"